நிலா மாத்திரைப் பெட்டி

வேலை போன அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அழுதாயா, கத்தினாயா என்று கேட்கிறார்கள். மேலாளர் அறைக்குள் கூப்பிட்டார், தொண்டையைச் செருமினார், பெட்டி வேலையை எல்லாம் இனிமேல் வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறோம் என்றார். நான் "சரி" என்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அதற்கும் "சரி" என்றேன். குடித்து முடித்து, என் மேஜையிலிருந்த இரும்பு அடிக்கோலையும் அட்டை வெட்டும் கத்தியையும் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன்.

என் தொழில் மருந்துப் பெட்டி. மருந்து இல்லை, பெட்டி. மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பெட்டி வருமே, எல்லாரும் கிழித்துக் குப்பையில் போடுவார்களே, அது. எந்த எழுத்து எங்கே வர வேண்டும், எந்த ஓரம் மடிய வேண்டும், மூடியின் எந்தக் காது எதற்குள் நுழைய வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த யாரோ ஒருவர் நான்தான். வீட்டுக்கு யாராவது வந்தால் என் கணவர், "எங்க வீட்டம்மா டாக்டருக்கு அடுத்தபடி" என்று அறிமுகப்படுத்துவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அதற்குப் பிறகும் தினமும் காலையில் குளித்து, அலுவலகத்துக்கு உடுத்துவதையே உடுத்தி, பின்னறை மேஜையில் போய் உட்கார்ந்தேன். கணினியைத் திறப்பேன். திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டும். மேல் வீட்டில் குளியலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் துளை போடும் இயந்திரம் ஒன்று என் உச்சந்தலைக்கு நேர் மேலே நாளெல்லாம் உறுமும். முன்பெல்லாம் என்றால் மாடியேறிப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மாமியாரே சான்றிதழ் கொடுத்திருக்கிறார். இப்போதோ அந்தச் சத்தம் வேறு யாருக்கோ கேட்பதுபோல் இருந்தது.

என் கணவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிற மனிதர். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நோயாளி தூங்குகிற அறைபோல மெதுவாக நடந்தார், பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை. எரிச்சலாவது வந்திருக்கலாம்.

வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வேறு மாதிரி. வேலை இருந்த காலத்தில், மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கலாம் என்ற ஆசையில், ஒரு வடிவமைப்புக் கல்லூரியின் இணையதளத்தில் பெயர் கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் மாணவர்கள், மறு பக்கம் தொழிலில் இருப்பவர்கள். ஒருவருக்கு ஒருவர் என்று தளமே சேர்த்துவைக்கும். வாரம் ஒருமுறை வீடியோவில் பேச வேண்டும். இருவருக்கும் பொதுவாகத் திரையில் ஒரு பலகை உண்டு. மாணவி தன் படங்களை அதில் மாட்டிவைப்பாள், நான் பக்கத்தில் குறிப்பு எழுதுவேன். பலகைக்குள் யார் வந்தாலும் அவர்கள் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு சின்ன அம்பு மிதக்கும். என் அம்பில் "பெட்டி மேடம்" என்றிருக்கும். பெயருக்குப் பக்கத்தில் பச்சையில் ஒரு டிக் குறி. அந்தக் குறிக்கு "பணியில் இருப்பவர்" என்று பொருள்.

வேலை போன பிறகும் நான் விலகவில்லை. விலகுவதற்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டுமே.

எனக்குக் கிடைத்த மாணவியின் அம்பில் "வாலு" என்று எழுதியிருந்தது. யார் வைத்த பெயரோ, வாலுத்தனம் எதுவும் தெரியவில்லை. கேமராவில் நெற்றியும் புருவமும் மட்டும் காட்டுவாள். கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டாள். ஆனால் அவள் அம்பு சும்மா இருக்காது. ஏதாவது புரியவில்லை என்றால் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். பிடித்துப்போனால் மேலும் கீழும் குதிக்கும். குழந்தைகளுக்கான சோப்புக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தாள், அதுதான் அவளுடைய இறுதித் திட்டம். நான், "இந்த மடிப்பு தப்பு, பசை ஒட்டுற இடத்துல எழுத்து போகுது பாரு" என்பேன். அம்பு அங்கே போய் நிற்கும். மறுவாரம் சரியாக இருக்கும். அந்த ஒரு மணி நேரம் நான் வேலையில் இருந்தேன். மற்ற நேரம் எல்லாம் நான் எதிலும் இல்லை.

அதற்கும் ஒரு வேட்டு வந்தது. தளத்தின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து ஒரு மடல். அந்த மனிதர் எதை எழுதினாலும் வரிக்கு ஒரு சிரித்த முகம் போடுவார். என் அலுவலக முகவரிக்கு அனுப்பிய மடல் திரும்பி வந்துவிட்டதாம், சிரித்த முகம். நான் இப்போதும் பணியில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டுமாம், சிரித்த முகம். எப்படியும் இந்தப் பருவத்தில் "பணியிடத்தில் ஒரு நாள்" என்று ஒன்று உண்டு, அதில் நான் வேலை செய்வதைத் திரை வழியே மாணவிக்குக் காட்டினால் அதையே உறுதியாக எடுத்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் பச்சைக் குறி போய்விடும். குறி போனால் மாணவியை வேறு ஒருவரிடம் மாற்றிவிடுவார்கள். மூன்று சிரித்த முகங்கள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"இப்ப என்ன, உனக்கு வேலை இருக்குன்னு காட்டணும். அவ்வளவுதானே?"

"வேலை இல்லாம எப்படிக் காட்டுறது?"

"வேலையை நாமளே உண்டாக்கிட்டாப் போச்சு. நான் கஸ்டமர். மருந்துக் கம்பெனி முதலாளி. போன்ல பேசுறேன். நீ அந்தப் பொண்ணு முன்னாடி பெட்டி போடு."

எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற ஆள். எனக்கு ஆர்வமும் இல்லை, மறுக்கத் தெம்பும் இல்லை. "சரி" என்றேன். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் நான் காலையில் எழுந்து குளிக்க மாட்டேன்.

புதிதாக ஒரு பெட்டி போட உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. வெள்ளைப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் பழைய கோப்பு ஒன்றை எடுத்தேன். ரத்த அழுத்தத்துக்கு இரவில் போடுகிற மாத்திரைக்குப் பல வருஷத்துக்கு முன் நான் செய்த பெட்டி. பெயரை அழித்துவிட்டு வாயில் வந்த ஒரு பெயரை அடித்தேன். நீலத்தைப் பச்சையாக்கினேன். எழுத்துகளைக் கலைத்து, பாதி வேலையில் இருப்பதுபோலச் செய்தேன். முன்பக்க மூலையில் ஒரு பிறை நிலா இருந்தது. எழுத்துப் படிக்கக் கண் தெரியாதவர்களுக்கும் இது இரவு மாத்திரை என்று புரியட்டும் என்று நான் வரைந்த நிலா. அதை மட்டும் அழிக்கவில்லை. நான் செய்ததிலேயே உருப்படியானது அதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. நுணலும் தன் வாயால் கெடும்.

குறித்த நாளில் வாலுவின் நெற்றி திரைக்கு வந்தது. என் திரை முழுவதும் அவளுக்குத் தெரியும்படி வைத்தேன், அவள் அம்பும் அதன் மேல் மிதந்தது. கணவர் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சமையலறையில் போனோடு காத்திருந்தார். நான் சும்மா கோடுகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். இது வெட்டு, இது மடிப்பு, தொழிற்சாலைக்காரர்கள் காலாவதித் தேதியைப் பிறகுதான் அடிப்பார்கள், அதற்கு இந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிக் கேட்டது.

போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"வணக்கம். நான்தான் முதலாளி பேசறேன்," என்றார் என் கணவர். உலகத்தில் எந்த முதலாளி தன்னை முதலாளி என்று சொல்லிக்கொண்டு போன் செய்கிறான்?

"சொல்லுங்க சார்."

"பெட்டி பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம கம்பெனி லோகோ கண்ணுக்கே தெரியலையே. கொஞ்சம் பெரிசாக்குங்க."

இது நாங்கள் பேசி வைத்தது. நான் "பார்க்கிறேன் சார்" என்று சொல்ல வேண்டும், அவர் வைத்துவிட வேண்டும். சொன்னேன். அவர் வைக்கவில்லை.

"பார்க்கிறேன்னு சொன்னா ஆகாதும்மா. இப்பவே பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன். இன்னும் கொஞ்சம். இன்னும். அந்த நிலா எதுக்கு மூலையில? அதை எடுத்துட்டு லோகோவை அங்க வைங்க. பளிச்னு இருக்கும். கஸ்டமர் சொல்றேன், கேளுங்க."

டைல்ஸ் கடையில் இவரை இப்படிப் பாடாய்ப் படுத்துகிறவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் அன்று இவர் வாய் வழியாக வந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேல் வீட்டில் இயந்திரம் உறுமத் தொடங்கியது. நிலாவை எடுக்கச் சொன்னதும் என் காது சூடானது.

"நிலாவை எடுத்தா கண்ணு தெரியாத பெரியவங்க ராத்திரி எந்த மாத்திரையைப் போடுவாங்க? உங்க லோகோவையா முழுங்குவாங்க?"

"என்னம்மா, கஸ்டமர்கிட்டயே இப்படிப் பேசுறீங்க?"

"நோயாளிதான் சார் கஸ்டமர். நீங்க பில்லு குடுக்கிறவர். லோகோ இருக்கிற இடத்துலதான் இருக்கும். வேணும்னா இருங்க, வேண்டாம்னா வேற ஆளப் பார்த்துக்கோங்க!"

போனைத் துண்டித்தேன். வாலுவின் அம்பு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. வேலை போனதிலிருந்து நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அது வந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது, நான் மறுபடி கோடுகளை நகர்த்தினேன்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா?" என்றாள். தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவள் அம்பு பெட்டியின் மேல் மூடிக் காதில் போய் நின்றது. "காலாவதித் தேதியை இந்தக் காதுல போட்டிருக்கீங்க. திறக்கும்போது இது கிழிஞ்சுபோயிடும். தேதியும் அதோட போயிடும். அப்புறம் மாத்திரை பழசா புதுசான்னு தெரியாது."

"ஏன் கிழியணும்? விரலை உள்ள விட்டு மெதுவாத் தூக்கினா திறந்துக்கும்."

"மெதுவாத் தூக்க மாட்டாங்க மேடம். கை நடுங்கிறவங்க இப்படிப் பிடிச்சு இழுப்பாங்க." அம்பு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோணலாக ஓடியது. "இந்த வழியாத்தான் கிழியும்."

திரையில் இருந்ததோ விரித்துப் போட்ட தட்டையான படம். அதைப் பார்த்து எங்கே கிழியும் என்று சொல்கிறாளே, கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி. தேதிக் கட்டத்தைக் காதிலிருந்து எடுத்து, பக்கச் சுவரில், நிலா இருக்கும் மூலையை ஒட்டி வைத்தேன். அங்கே கிழிக்கிறவன் முழுப் பெட்டியையும் கிழித்தால்தான் உண்டு. எளிமையான மாற்றம். அந்தப் பெட்டியை முதலில் செய்தபோது எனக்கு அது தோன்றவில்லை.

அவள் போன பிறகு கணவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"எப்படி? பின்னிட்டேன்ல?"

"பேசி வெச்சதை மட்டும் பேசுங்கன்னா…"

"அதை விடு. நீ என்னைத் திட்டினே பாரு," என்றார். "எத்தனை நாளாச்சு."

அவர் ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு போனார், மெதுவாக.

பச்சைக் குறி தங்கியது. ஒருங்கிணைப்பாளர் கை தட்டும் படம் ஒன்று அனுப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் போலத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பலகையைத் திறந்தபோது சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. சாப்பாட்டு மேஜை மாதிரி ஒன்று, அதன் மேல் ஒரு மருந்துப் பெட்டி. நீலப் பெட்டி. மூலையில் பிறை நிலா. மேல் மூடி கோணலாகக் கிழிந்து, பாதிக் காது இல்லை. பக்கச் சுவரில், நான் அன்று கட்டத்தை நகர்த்திய அதே இடத்தில், வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டியிருந்தது. அதில் தடித்த எழுத்தில் காலாவதித் தேதி.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி செய்தே பிழைத்தவள் நான். ஆனால் என் கோப்பை நானே திருடி அவளுக்குக் காட்டியபோது, அந்தப் பெட்டி அச்சாகி, கடைக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டு மேஜையில் இருக்கும் என்பது என் புத்தியில் ஏறவில்லை. எனக்கு அது கோப்பு. பெயரையும் நிறத்தையும் மாற்றினால் வேறு பெட்டி ஆகிவிடும் என்று நம்பினேன். வெளியே எவனிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பான்.

"எங்க அப்பாவோடது மேடம்," என்றாள் வாலு. "பேரு வாயில நுழையாது. எங்க வீட்ல அதுக்கு நிலா மாத்திரைன்னுதான் பேரு. ஒவ்வொரு தடவையும் கிழிச்சிடுவாரு. அப்புறம் தேதி என்னன்னு என்னையக் கேப்பாரு. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இப்ப பெட்டி வாங்கினதுமே நான் பக்கத்துல எழுதி ஒட்டிடறேன். நேத்து அவரே படிச்சாரு."

"அப்ப அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

அம்பு அசையாமல் நின்றது.

"நிலாவைப் பார்த்ததுமே தெரியும். அப்புறம் அந்த முதலாளி பேசறப்ப அவரு பக்கமும் அதே டிரில் சத்தம் கேட்டுச்சு. உங்க பக்கம் நின்னா அவரு பக்கமும் நின்னுச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கேமராவைக் கையால் மூடினேன். மூடிக்கொண்டே கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களை எடுத்துடுவாங்க. போன வருஷம் எனக்கு ஒருத்தர் இருந்தாரு மேடம். பெரிய கம்பெனி. நான் என்ன போட்டாலும் 'அருமை'ன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. நீங்கதான் திட்டுவீங்க." கொஞ்சம் இழுத்தாள். "அன்னைக்கு நடந்ததை அப்படியே அறிக்கையா எழுதிக் கொடுத்துட்டேன். கஸ்டமர் ரொம்பக் கறாரு, மேடம் விட்டுக்கொடுக்கலைன்னு. முழு மார்க்கு."

எனக்கு வெட்கமாக இருந்தது. பல நாள் கழித்து எனக்குள் வந்த முதல் முழு உணர்ச்சி அதுதான், வந்ததும் வந்தது இதுவா வர வேண்டும்? பொய் சொன்னது நான், அதைத் தலையில் சுமப்பது அவள். நாளைக்கு எவனாவது ஒருவன் கண்டுபிடித்தால் அவளும் கூட்டு என்பார்கள். படிக்கிற பிள்ளை.

"நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்," என்றேன்.

"வேண்டாம் மேடம்."

"உன் மார்க்கு என் பொய் மேல நிக்கக் கூடாதும்மா."

"மார்க்கு போனாப் போகட்டும். நீங்க போயிடுவீங்களே."

நேரம் முடிந்துவிட்டதாகத் தளம் மணி அடித்தது.

மறுநாள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேலை எப்போது போனது, பெட்டி எங்கிருந்து வந்தது, முதலாளி யார். மாணவிக்கு எதுவும் தெரியாது என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். போனில் அவருக்குச் சிரித்த முகம் போட வழியில்லை. பாவம், தடுமாறினார்.

"உங்க நேர்மையைப் பாராட்டறேன் மேடம். மாணவி மார்க்குல கை வைக்க மாட்டோம், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா தளத்துல 'பணியில் இருப்பவர்'னு போட்டிருக்கோம் பாருங்க. விதி விதிதான். வேற வேலை கிடைச்சதும் கண்டிப்பா வாங்க."

"சரி," என்றேன்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பலகை மூடிக்கொண்டது. உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி. மேலே இயந்திரம் உறுமியது. அந்த "சரி" என் தொண்டையிலேயே நின்றது. மேலாளரிடம் சொன்ன "சரி"யும் அதற்குக் கீழே அப்படியே இருந்ததுபோல் தெரிந்தது. நான் எழுந்தேன். செருப்புப் போடவில்லை. மாடியேறிப் போய்க் கதவைக் கைமுட்டியால் இடித்தேன்.

கண்ணிமையெல்லாம் வெள்ளைத் தூசியோடு ஒரு வேலையாள் திறந்தார்.

"என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? கீழ மனுஷங்க இருக்காங்களா செத்தாங்களான்னு பார்க்க வேண்டாமா? காலையில ஆரம்பிச்சா சாயந்தரம் வரைக்கும்! என் வேலை போச்சு, தெரியுமா? என் வேலையே போச்சு!"

அவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவர் இயந்திரத்தைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கோட முடிஞ்சுதுங்க," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றேன். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத மனிதர் வாசலில் நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவர் உள்ளே போகவும் முடியாமல் கதவைச் சாத்தவும் முடியாமல் நின்றார். நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு சில நாள் வீடு சத்தமில்லாமல் இருந்தது. அழுததால் ஒன்றும் சரியாகிவிடவில்லை. குளிக்காத நாளும் இருந்தது. வாலுவோடு பேசும் நேரம் வந்தபோது பழக்கத்தில் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். வெள்ளைப் பக்கம். கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"சூடா இருக்கு. இன்னைக்காவது குடி."

குடித்துக்கொண்டே மடல்களைப் பார்த்தேன். பெரிய கோப்புகள் அனுப்ப வாலுவிடம் என் சொந்த முகவரியைக் கொடுத்திருந்தேன். அதற்கு அவளிடமிருந்து ஒரு மடல். எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு சுட்டி மட்டும். தொட்டேன். ஒரு பலகை திறந்தது. கல்லூரியின் பலகை இல்லை, அவளே சொந்தமாகத் திறந்தது. சுட்டி வைத்திருக்கும் யாரும் வரலாம் என்று மேலே போட்டிருந்தது. நடுவில் அவளுடைய சோப்புப் பெட்டி, விரித்துப் போட்டபடி.

என் அம்பும் உள்ளே வந்தது. பச்சைக் குறி இல்லை, பெயர் இல்லை. சாம்பல் நிறத்தில் "விருந்தினர்" என்று மட்டும் இருந்தது. யார் வந்தாலும் அப்படித்தான் காட்டும். வாலுவின் அம்பு பலகையின் கோடியிலிருந்து ஓடி வந்து என் அம்புக்குப் பக்கத்தில் நின்றது. யார் என்று கேட்கவில்லை. குறிப்பு எழுதும் மஞ்சள் கட்டம் ஒன்று திறந்தது, அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அக்கா, லோகோவைப் பெரிசாக்கணுமா?"

கண்ணைத் துடைத்த பிறகுதான் விசைப்பலகை தெரிந்தது.

"தொட்டுப் பாரு, கையை ஒடிக்கிறேன்," என்று அடித்தேன்.

அவள் அம்பு மேலும் கீழும் குதித்தது. குதித்து ஓயும்வரை காத்திருந்து, நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு, அடுத்த வரியை அடித்தேன்.

"இப்பச் சொல்லு. இந்தப் பெட்டியை உங்க அப்பா எங்க பிடிச்சுக் கிழிப்பாரு?"